தார்ப்பாய் திரும்பிக் கிடந்த சனிக்கிழமை

லூன் ஏரி, மிச்சிகன்
பிப்ரவரி 14

அன்புள்ள மருமகள் கொரினுக்கு,

இனி நீ படிக்கப்போவதை இண்டியானா மாநிலத்தில் ஒரு ஜீவனும் நம்பாது என்று வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறேன். இடது கையில் தூண்டில் இருக்கிறது, இல்லாவிட்டால் அதையும் உயர்த்தியிருப்பேன். நீயும் நம்பமாட்டாய். பரவாயில்லை. இந்தக் குடிசையில் போன் சிக்னல் கிடையாது என்பதால், வழக்கம்போல என்னைப் பாதியில் வெட்டிவிட மட்டும் உன்னால் முடியாது.

போன சனிக்கிழமை இண்டியானாபொலிஸ் வட்டாரப் போட்டியில், ஆயிரத்து நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நீ இயக்கும் மில்ரேஸ் தாளக்குழு வாசிக்கத் தரையில் விரிக்கும் ஓவியத் தார்ப்பாய் முன்பக்கம் பின்னாகவும் பின்பக்கம் முன்னாகவும் விரிக்கப்பட்டது. விரித்த பதினான்கு தொண்டர்களில் தலைவன் நான். பிறகு வெளியே, லாரிப் பக்கத்தில், பதினோரு வருஷமாக என் கழுத்தில் தொங்கிய விசிலை நீ கழற்றி கிளெண்டா ரப்பின் கழுத்தில் மாட்டினாய். இதுவரை சொன்னது உனக்கே தெரியும். நடந்த காரணத்தை இப்போது கேள்.

காலையில் லாரியைத் திறந்தேன். தார்ப்பாய்ச் சுருளுக்குள், பூனையளவே இருக்கவேண்டிய ரக்கூன் ஒன்று குடும்பத்தோடு குடியிருந்தது. கன்றுக்குட்டி உயரம். மரியாதையாகத்தான் கேட்டேன்: "ஐயா, கொஞ்சம் எறங்கறீங்களா? எங்களுக்குப் போட்டி இருக்கு." அது என் தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, சுருளை வண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காட்டைப் பார்த்து நடந்தது. தொப்பி இன்னும் வரவில்லை.

அதோடு முடிந்ததா? அரங்கத்தின் பின்வழியில் மார்லோ ஊதுகுழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. பன்னிரண்டு டியூபா. பன்னிரண்டு பேரும் ஒரே மூச்சில் ஊதினார்கள். அறுபதடிக்குத் தொண்ணூறடி வினைல், ஒரு கறவை மாட்டின் எடை, கப்பல் பாய் மாதிரி எழும்பி ஆகாயத்தில் மூன்று தரம் திரும்பியது. நம் பல் டாக்டர் டுவைட் ஓகிள் மூலையை விடாமல் பிடித்துத் தொங்கினார். அங்கிருந்து தன் வீட்டுக் கூரையில் ஓடு பெயர்ந்திருப்பதைப் பார்த்ததாகச் சொன்னார்.

சரி, டேப்பைப் பார்த்து நேராக்கிக்கொள்ளலாம் என்று குனிந்தேன். முன்மூலையில் நீ ஒட்டிய சிவப்பு டேப்பும் பின்மூலையில் ஒட்டிய பச்சை டேப்பும் ஒரே நிறத்தில் இருந்தன. வேகவைத்து ஆறிப்போன பட்டாணியின் நிறம். அந்த டியூபாக் காற்றில் சாயம் பறந்துபோயிருக்க வேண்டும்.

ஆகவே குற்றம் என்னுடையதல்ல. ஏப்ரலில் டேட்டனில் உலகப் போட்டி. விசிலைத் திருப்பிக் கொடு.

உன் மாமா,
வெர்லின் அட்டர்பேக்


கெட்டில் ஃபோர்டு, இண்டியானா
பிப்ரவரி 19

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள் நான். வீட்டுப்பாடம் செய்யாததற்கு இதைவிட நல்ல காரணங்களைத் தினமும் கேட்கிறேன். மார்லோ குழுவில் இருப்பது இரண்டு டியூபா. டுவைட் வீட்டுக் கூரையில் ஓடே கிடையாது. உங்கள் தொப்பி என் காரின் பின்சீட்டில் கிடக்கிறது.

நடந்ததை நான் சொல்கிறேன். நமக்கு இருப்பது எட்டு நிமிஷம். கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, விரித்து, வாசித்து, மடித்து, கடைசிச் சக்கரம் கோட்டைத் தாண்டி வெளியே போகும்வரை எட்டே நிமிஷம். தார்ப்பாய் சுருண்டிருக்கும்போது பாலத்தின் ஓவியம் உள்பக்கம் இருக்கும், எந்தப் பக்கம் முன் என்று யாருக்கும் தெரியாது என்றுதான் இந்த வருஷம் முன்னுக்குச் சிவப்பு, பின்னுக்குப் பச்சை என்று டேப் ஒட்டினேன். எத்தனையோ முறை சொன்னேன்: சிவப்பு பார்வையாளர்களைப் பார்க்கணும். நீங்கள் விசிலை ஊதி, "இழுங்கப்பா!" என்றீர்கள். இழுத்தார்கள். பாலம் தலைகீழாக விரிந்தது. திருப்ப நேரமில்லை.

ஸ்நேர் டிரம் ஆட்களில் பாதிப்பேர் தார்ப்பாயில் வரைந்த பாலத்தின் கல்லைப் பார்த்து நடந்தார்கள். பாதிப்பேர் மனப்பாடமாக நடந்தார்கள். மூன்றாவது நிமிஷத்தில் இரண்டு பாதிகளும் பாலத்தின் நடுவில் சந்தித்துக்கொண்டன. பெரிய பேஸ் டிரம்மோடு வந்த டோபி, சிம்பல் தட்டுக்காரர்களின் மேல் உட்கார்ந்தான். ஒரு குச்சி பறந்து நடுவரின் காப்பிக் கோப்பையில் போய் நின்றது.

அதற்குக்கூட நான் கோபப்படவில்லை. நீங்கள் ஓரமாக நின்று, இடுப்பை வளைத்து, கூட்டத்தைப் பார்த்து வணக்கம் வைத்தீர்கள் பாருங்கள். கூட்டம் கைதட்டியது. என் பிள்ளைகள் அழுதுகொண்டே வாசித்துக்கொண்டிருந்தார்கள், மாமா.

குழுவில் நான்கு பேருக்கு இது கடைசி வருஷம். வயது வரம்பு தாண்டிவிடும். அவர்கள் ஒருமுறையாவது டேட்டன் இறுதிச் சுற்றில் நிற்கவேண்டும். ஏன் தவறு நடந்தது என்று தெரியாத ஒருவரிடம் நான் தார்ப்பாயைக் கொடுக்க முடியாது. விசில் கிளெண்டாவிடமே இருக்கும். உங்களுக்கு விருப்பமிருந்தால் சக்கரம் வைத்த மூன்றாவது மரிம்பா வாத்தியத்தைத் தள்ளலாம். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் தவறிப்போகாது.

கொரின் ஹாஸ்கெட்


லூன் ஏரி
பிப்ரவரி 24

மருமகளே,

மரிம்பா தள்ளுவதா! தார்ப்பாய்ச் சக்கரவர்த்தி வெர்லின் அட்டர்பேக் மரிம்பா தள்ளுவதா! அதுவும் மூன்றாவது மரிம்பாவை! இதைப் படித்ததும் ஏரியில் பனி ஒரு மைல் நீளத்துக்கு வெடித்தது. உள்ளேயிருந்து மீன்கள் தலையை நீட்டி, "என்ன சார், வீட்ல பிரச்சினையா?" என்று விசாரித்தன.

நான் இங்கே பரம சௌக்கியம். நேற்றுப் பிடித்த மீனின் செதிலில் ஒன்றைத்தான் கதவாக மாட்டியிருக்கிறேன். எனக்கு யாரும் வேண்டாம், விசிலும் வேண்டாம்.

மடிக்க இப்போது எத்தனை விநாடி ஆகிறது? சும்மாதான் கேட்கிறேன்.

வெ.


கெட்டில் ஃபோர்டு
மார்ச் 11

அன்புள்ள மாமா,

சும்மாதான் சொல்கிறேன்: எழுபத்தெட்டு விநாடி. உங்களோடு நாற்பத்தைந்து.

நேற்று ஃபோர்ட் வேய்னில் போட்டி. பிள்ளைகள் இந்த வருஷத்திலேயே மிக நன்றாக வாசித்தார்கள். தார்ப்பாய் சரியாக விரிந்தது. சிவப்பு எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருந்தது. வாசித்து முடித்ததும் மடிக்கவேண்டும். கிளெண்டா பள்ளிச் சாப்பாட்டறையில் இருபது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தவள். மெல்லமாக விசிலை ஊதிவிட்டு, "எல்லாரும் ரெடின்னா ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

டுவைட், "ஒரு செகண்டு கிளெண்டா, கையுறை மாட்டிட்டிருக்கேன்" என்றார்.

"மாட்டுங்க டாக்டர், அவசரமில்ல."

அவசரமில்லை என்றாள், மாமா! பெரிய கடிகாரம் அவள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. பாதி மடித்ததும், "அந்தப் பக்கம் கொஞ்சம் சுருக்கம் விழுந்திருக்கே, நீவி விட்டுடலாமா?" என்றாள். நீவினார்கள். எட்டு நிமிஷத்துக்கு மேல் பதினோரு விநாடி. அதற்குக் கழித்த புள்ளியில் இரண்டு இடம் கீழே போனோம்.

திரும்பி வரும்போது கிளெண்டா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "கொரின், என்னால அவங்களத் திட்ட முடியல. ஒங்க மாமா திட்டினா ஓடறாங்க. நான் திட்டினா மன்னிப்புக் கேக்கறாங்க, அதுக்கே அஞ்சு செகண்டு போயிருது" என்றாள். டுவைட் முன்சீட்டிலிருந்து திரும்பி, "வெர்லின் என்னை என்னென்ன சொல்வாரு! 'டாக்டரே, பல்லப் புடுங்கற மாதிரி மெதுவா வேணாம், பில்ல நீட்டற மாதிரி வேகமா!' அதக் கேட்டாத்தான் எனக்குக் காலே நகருது" என்றார். பேருந்து முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே இதை எழுதுகிறேன். ஏப்ரல் 8, சனிக்கிழமை காலை பத்து மணி, பள்ளி அரங்கம். எல்லோர் முன்னிலையிலும் மூன்று முறை விரித்து மூன்று முறை மடிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டியை வேறு வேறு வாசல் வழியாக உள்ளே அனுப்புவேன். மூன்றும் சரியாக இருந்தால் விசில் உங்களுக்கு, டேட்டனும் உங்களுக்கு. ஒன்று தவறினாலும் மரிம்பா.

கொரின்


லூன் ஏரி
மார்ச் 16

அன்புள்ள கொரின்,

உன் கருணைக்கு நன்றி. வருவதற்குத் துடிக்கிறேன். ஆனால் முழங்கால் பிடித்துக்கொண்டது. அதோடு ஒரு மீனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, சின்ன விஷயம். டேப் பற்றி. பத்து வருஷமாக உனக்கு முன்பிருந்த இயக்குநர் முன்மூலையில் மட்டும் ஒரு வெள்ளை டேப் ஒட்டுவார், பின்மூலையில் ஒன்றும் இருக்காது. நன்றாகத்தானே இருந்தது? சிவப்பு என்பது கோபக்கார நிறம், வினைலுக்கு ஆகாது. மிச்சிகனில் எல்லாம் சிவப்பு டேப்பைத் தடைசெய்துவிட்டதாகக் கேள்வி. பச்சையோ, பசு மாட்டைப் பார்த்தால் தானாகக் கழன்றுவிடும். யோசித்துப் பார்.

வெ.


கெட்டில் ஃபோர்டு
மார்ச் 21

மாமா,

யோசித்தேன். டேப் அப்படியேதான் இருக்கும். பதின்மூன்று பேர் பழகிவிட்டார்கள். பதினான்காவது ஆளுக்காக மாற்றப்போவதில்லை. வருவதாக இருந்தால் வாருங்கள். முழங்காலையும் கூட்டி வாருங்கள்.

கொரின்


கெட்டில் ஃபோர்டு, என் சொந்த வீடு
ஏப்ரல் 9

மருமகளே,

நேருக்கு நேர் சொன்னால் பெருமையடிப்பதாகிவிடும் என்று தபாலில் சொல்கிறேன்: மூன்றுக்கு மூன்று!

வடக்கு வாசல், தெற்கு வாசல், கடைசியில் நீ அந்தச் சமையலறை வாசல் வழியாக வண்டியை அனுப்பினாய், மகா பாவி. மூன்றாம் முறை நான் கண்ணை மூடிக்கொண்டே விரித்ததைப் பார்த்தாய் அல்லவா? கிளெண்டா விசிலைக் கழற்றிக் கொடுக்கும்போது, "அப்பாடா, இனி என் கழுத்து நிம்மதியா இருக்கும்" என்றாள். நான் காலை எட்டு மணிக்கே வந்து எல்லோருக்கும் டோனட் அடுக்கி வைத்ததை யாரும் பாராட்டவில்லை. அதைப் பதிவு செய்துகொள்.

டேட்டன் நகரத்தாரிடம் கதவுகளைப் பிடித்துக்கொள்ளச் சொல். நான் வருகிறேன்.

தார்ப்பாய்ச் சக்கரவர்த்தி (மறுபதவி ஏற்பு)


கெட்டில் ஃபோர்டு
ஏப்ரல் 25

அன்புள்ள மாமா,

நான்கு தெரு தள்ளி இருக்கிற உங்களுக்குத் தபால் அனுப்புவது விநோதம்தான். ஆனால் நேரில் கேட்டால் நீங்கள் கதை சொல்வீர்கள், நான் சிரித்துவிடுவேன், கேட்டது மறந்துபோகும். இந்தமுறை மறக்கக்கூடாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டேட்டனில் மூன்று நாளும் தார்ப்பாய் நேராக விரிந்தது. அரையிறுதியில் நாற்பத்தொரு விநாடியில் மடித்தீர்கள். "கிளெண்டா, அது தார்ப்பாயி, உன் கல்யாண கவுன் இல்ல, இழு! டாக்டரே, இன்னிக்கு ஓடினா நாளைக்கு என் பல்லையே தரேன்!" என்று நீங்கள் கத்தியது நடுவர்களின் ஒலிப்பதிவில் விழுந்திருக்கிறது. ஒரு நடுவர் சிரிப்பதும் கேட்கிறது. இறுதிச் சுற்றுக்குப் போனோம். ஒன்பதாம் இடம். நம் குழு அந்தப் பட்டியலில் வந்ததே இல்லை. வெளியே வந்ததும் அந்த நான்கு பேரும் சுருளின் மேல் விழுந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். "எந்திரிக்கலேன்னா உள்ள வச்சே சுருட்டி லாரியில ஏத்திடுவேன்" என்று மிரட்டிவிட்டு, நீங்கள் அந்தப் பக்கமாகத் திரும்பி மூக்கைச் சிந்தினீர்கள். பார்த்தேன்.

இனி மற்றது. நேற்றுப் பள்ளி மைதானத்தில் தார்ப்பாயைக் கழுவிக் காயப்போட்டோம். அடுத்த வருஷத்துக்கு ஒஹாயோவில் ஒரு பள்ளி அதைக் கேட்டிருக்கிறது. விளிம்புகளைச் சோதித்துக்கொண்டே வந்தேன். முன்பக்கத்து இடது மூலையில் ஒரு வெட்டு. கட்டைவிரல் நகம் அளவு, முக்கோணமாக, சுத்தமாக. கிழிசல் இல்லை. கத்தியால் வெட்டியது. மற்ற மூன்று மூலையிலும் ஒன்றுமில்லை.

யார் என்று கேட்டேன். கிளெண்டாதான் கடைசியில், "எட்டாம் தேதி காலையில டோனட் எடுக்க சீக்கிரம் வந்தேன். வெர்லின் சுருள் பக்கத்துல முட்டிபோட்டு உக்காந்திருந்தாரு. கையில பேனாக் கத்தி. 'ரக்கூனோட பல்லு ஒண்ணு மாட்டியிருக்கு, எடுக்கறேன்'னாரு. நானும் நம்பிட்டேன்" என்றாள்.

தார்ப்பாயில் கத்தி வைக்கிறவருக்குக் குழுவில் இடமில்லை என்று விதி எழுதியவள் நான். அந்தத் தாளில் முதல் கையெழுத்து உங்களுடையது. சோதனையில் ஏமாற்றவா வெட்டினீர்கள்? பதினோரு வருஷம் செய்த வேலைக்கு எதற்கு ஏமாற்று? கண் முன்னே சிவப்பும் பச்சையும் பளிச்சென்று ஒட்டியிருக்கும்போது வெட்டு எதற்கு? இதுதான் எனக்குப் புரியவில்லை. நேற்று இரவு முழுக்க யோசித்தேன்.

ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு பதில். இன்னொரு ரக்கூன் வந்தால் அந்த விசில் என் வகுப்பறை ஆணியில் நிரந்தரமாகத் தொங்கும்.

கொரின்


கெட்டில் ஃபோர்டு
ஏப்ரல் 29

அன்புள்ள கொரின்,

வினைலை மட்டுமே தின்று வாழும் ஒரு அபூர்வ எலி, டேட்டன் நகரத்து விமான நிலையத்தில் இறங்கி, முக்கோணமாகவே கடிக்கப் பழகி

சரி, விடு. இதுவரை எழுதியதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன். எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நீ பார்க்கவேண்டும்.

வெட்டியது நான்தான். சுருளை வண்டியில் பார்த்ததும் மூலையைக் கட்டைவிரலால் தடவுவேன். வெட்டு தட்டுப்பட்டால் முன்பக்கம். கண்ணை மூடிக்கொண்டு செய்தது வித்தை காட்ட அல்ல. திறந்திருந்தாலும் அதேதான்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறந்ததிலிருந்தே. உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. சின்ன வயதில் எங்களைத் தக்காளி பறிக்க அனுப்புவார்கள். அவள் பழம் பறிப்பாள், நான் காய் பறித்து வருவேன், சோம்பேறி என்று திட்டு விழும். சோம்பேறி என்ற பேர் வசதியாக இருந்தது. யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. வளர்ந்த பிறகு பொய்யன் என்ற பேர் அதைவிட வசதி.

முப்பத்துநாலு வருஷம் இந்த மாவட்டத்துப் பள்ளிப் பேருந்துகளுக்கு வயர் இணைத்தவன் நான். ஒவ்வொரு வயரையும் நுனியிலிருந்து நுனிவரை சோதனை விளக்கு வைத்துத் தேடித்தான் இணைத்தேன். அதனால்தான் ஒரு பேருந்துக்கு மூன்று நாள் எடுத்தேன், அதற்கும் ஒரு ரக்கூனைக் காரணம் சொன்னேன். இது வெளியே தெரிந்தால், அந்தப் பேருந்தில் பள்ளிக்குப் போனவர்கள் எல்லாம், உன்னையும் சேர்த்து, ஒரே நேரத்தில் மயங்கி விழுவார்கள். ஒரு பேருந்திலும் தவறு நடந்ததில்லை. அதை மட்டும் நம்பு.

ஜனவரியில் நீ அந்த இரண்டு டேப்பையும் தூக்கிக் காட்டி, "இனிமே யாராலயும் தப்புப் பண்ண முடியாது" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் நான். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். நம் அரங்கத்தில் வண்டி எப்போதும் ஒரே வாசலில் வரும், சமாளித்துவிட்டேன். இண்டியானாபொலிஸில் எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளிவிட்டார்கள். பாலம் தலைகீழாக விரிந்தது. குனிந்து வணக்கம் வைத்தது முகத்தை மறைத்துக்கொள்ள. பிள்ளைகள் அழுதது எனக்குத் தெரியாது. நீ எழுதித்தான் தெரிந்தது. அந்தக் கடிதத்துக்குப் பதிலாகத்தான் மீன் பேசியதாக எழுதினேன். அதற்கு மன்னிப்பு.

டேட்டனில் மூன்று நாளும் சரியாக வந்ததே, அது வெட்டு செய்த வேலை. மறுபடியும் தவறவிட்டு அந்த நான்கு பேரின் கடைசி வருஷத்தைக் கெடுக்க என்னால் முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. கத்தி சுலபமாக இருந்தது.

விதியில் என் கையெழுத்து இருக்கிறது. விசிலை இத்துடன் உறையில் வைத்திருக்கிறேன். ஒஹாயோக்காரர்களிடம் வெட்டைச் சொல்லி விடு, ஒட்டித் தர நானே வருகிறேன். அடுத்த ஜனவரியில் மூன்றாவது மரிம்பாவுக்கு ஆள் தேவைப்பட்டால் என் வீடு நான்கு தெரு தள்ளி. பச்சை வீடு என்று சொல்கிறார்கள்.

பிப்ரவரி பதினான்காம் தேதி எழுதிய கடிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் எடுத்துப் பார். ரக்கூன் பொய். தொப்பி பொய். பன்னிரண்டு டியூபா பொய், டுவைட் பறந்தது பொய். ஆனால் நான் குனிந்து பார்த்தபோது முன்மூலை டேப்பும் பின்மூலை டேப்பும் ஒரே நிறத்தில் இருந்தன என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரி நிஜம்.

உன் மாமா,
வெர்லின்